செயலாளரின் ஆட்காட்டி விரல்

ஜூலை 19

ஆடி பிறந்துவிட்டது. இன்று விதைத்தேன்.

திருச்சியில் கோடை முடியும் வரை மொட்டை மாடியில் எதை வைத்தாலும் வற்றலாகிவிடும். போன சித்திரையில் ஒரு தக்காளிச் செடியை நின்ற நிலையிலேயே வறுத்தெடுத்திருக்கிறேன். ஆடியில் வெயில் சற்று இறங்குகிறது, சாயங்காலங்களில் தூறல் கிடைக்கிறது. ஐப்பசி மழை வருவதற்குள் செடி காலூன்றிவிடும். கத்தரி, வெண்டை, மிளகாய், ஓரத்தில் ஒரே ஒரு கல்யாணப் பூசணி. மண் கலவை: இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு தென்னைநார்த் தூள், ஒரு பங்கு மண்புழு உரம், பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. பைகளை நேராகத் தளத்தில் வைக்கக் கூடாது, செங்கல் அடுக்கி அதன்மேல் தட்டு போட்டு வைக்க வேண்டும் என்று நான் படித்த எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. செங்கல் நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

மாடியில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். ஒன்றுதான். இரண்டு போட்டால் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஜூலை 27

பூசணி முளைத்துவிட்டது. விதைத் தோலைத் தொப்பிபோல மாட்டிக்கொண்டு நிற்கிறது. கரூரிலிருந்து அம்மா போன் செய்தாள். கல்யாணப் பூசணி போட்டிருக்கிறேன் என்றேன். “சரி, பேருக்காவது உன் வீட்டுல கல்யாணம்னு ஒண்ணு இருக்கட்டும்,” என்றாள்.

செங்கல் வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10

காலையில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது கோதண்டபாணி சார் ஒரு வாளியோடு மாடிக்கு வந்தார். மூன்றாம் தளத்தில் என் எதிர் வீடு அவருடையது. எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர், தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பேசும்போது அவருடைய ஆட்காட்டி விரல் முதலில் வரும், சொற்கள் பின்னால் வரும்.

“இது என்ன?”

“வாளி சார்.”

“உள்ள?”

“தண்ணி.”

“யாரோட தண்ணி?”

தண்ணீர் யாருடையது என்பது பெரிய தத்துவக் கேள்வி. நான் யோசிப்பதற்குள் அவரே பதிலையும் சொல்லிவிட்டார். “உன்னோடது. மேல நீ ஊத்துற, கீழ என் ஹால் சீலிங்ல சொட்டுது, நான் புடிக்கிறேன். அடுத்தவங்க பொருள் என் வீட்டுல இருக்கக் கூடாது தமயந்தி. திருப்பிக் குடுத்துட்டேன்.”

வாளியை வைத்துவிட்டு இறங்கினார். அதில் வேப்பம்புண்ணாக்கு வாசனை அடிக்கிறது என்று படியிலிருந்து வேறு சொன்னார். எனக்குச் சளி. வாசனை எதுவும் தெரியவில்லை.

நல்ல தண்ணீரை வீணாக்குவானேன் என்று வெண்டைக்கு ஊற்றினேன்.

ஆகஸ்ட் 11

மறுபடியும் வாளி. வெண்டைக்கு ஊற்றினேன்.

ஆகஸ்ட் 12

வாளி. வெண்டை.

செப்டம்பர் 2

பூசணிக் கொடி பந்தலில் ஏறிப் படர்ந்துவிட்டது. மஞ்சள் மஞ்சளாகப் பூக்கிறது. எல்லாம் ஆண் பூக்கள், நீளக் காம்பும் வெறும் பகட்டும். பெண் பூ பின்னால் வரும், அதன் அடியில் கட்டைவிரல் அளவில் ஒரு பிஞ்சு இருக்கும் என்று படித்திருக்கிறேன். இலையில் அசுவினிப் பூச்சி. அடுப்புச் சாம்பல் கிடைக்காததால் புளித்த மோர் தெளித்தேன். மாடி முழுக்க ஒரு ஹோட்டல் சமையலறையின் நெடி. இதற்கு மட்டும் என் மூக்கு வேலை செய்கிறது.

செப்டம்பர் 14

முதல் பெண் பூ இன்று விரிந்தது. ரோமம் படர்ந்த சின்னப் பிஞ்சு, கன்றுக்குட்டியின் காது மாதிரி.

இன்றைக்கென்று சங்கத்தின் ஆய்வு. கோதண்டபாணி சார் முன்னால் வர, பின்னால் தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருக்கும் பியூலா அக்காவும், இரண்டாம் தளத்து அன்சாரி பாயும். அன்சாரி பாய்க்கு மின்விசிறிக் கடை. எதைப் பார்த்தாலும் எத்தனை வாட்ஸ் என்று யோசிக்கிற முகம்.

“பாருங்க,” என்றார் கோதண்டபாணி சார். விரல் நீண்டது. “என் ஹாலுக்கு நேர் மேல இந்தப் பை. இந்தப் பையில இந்தக் கொடி. இந்தக் கொடியில இது!” விரல் பிஞ்சுக்கு முன்னால் போய் நின்றது. “இதுக்காகத்தான் என் சீலிங் ஒழுகுது. எடுக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவரப் போறேன்.”

பியூலா அக்கா “ஐயோ சார், விரல!” என்று தன் வாயைப் பொத்திக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 17

பிஞ்சு மஞ்சளாகி, சுருங்கி, தொட்டதும் விழுந்துவிட்டது.

செப்டம்பர் 22

இரண்டாவது பிஞ்சும் விழுந்தது. அதையும் கோதண்டபாணி சார் வாளி கொண்டுவந்த ஒரு காலையில் காட்டியிருக்கிறார், இதுவும் உன் கணக்கில்தான் வரும் என்று.

பியூலா அக்கா விழுந்த பிஞ்சைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, பிரேதப் பரிசோதனை அறிக்கை தருபவர்போலச் சொன்னார்: “விரல் பட்டுருக்கு. பூசணிப் பிஞ்ச ஆட்காட்டி விரலால காட்டுனா அழுவிப் போயிடும். எங்க வீட்டுல காட்டணும்னா விரல மடக்கிட்டு முட்டியாலதான் காட்டுவோம். தெரியாம நீட்டிட்டா உடனே அந்த விரலக் கடிச்சிக்கணும். சார் கடிச்சிக்கிட்டாரா? இல்லயே!”

மேலே வந்து படித்துப் பார்த்தேன். விஷயம் எளிமையானது. இந்த உயரத்திற்குத் தேனீ வருவதில்லை. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவில் சேராவிட்டால் பிஞ்சு நாலைந்து நாளில் விழும். யார் காட்டினாலும் விழும், யாரும் காட்டாவிட்டாலும் விழும். விடியற்காலையில் நாமே ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவினால் போதும். மகரந்தம் தடவ ஒரு தூரிகையும் வாங்கி வைத்தேன்.

பியூலா அக்காவிடம் நாளைக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 23

அக்கா கடையில் கூட்டம். சொல்லவில்லை.

செப்டம்பர் 28

மூன்றாவது பிஞ்சு. நான் எழுந்திருக்கவே தாமதமாகிவிட்டது, வெயில் ஏறிப் பூ மூடிவிட்டது. அதற்குள் விரல் பற்றிய செய்தி கட்டடம் முழுக்கப் பரவியிருக்கிறது.

இன்று கோதண்டபாணி சார் வாளியை இடது கையில் தூக்கிக்கொண்டு வந்தார். வலது ஆட்காட்டி விரலில் வெள்ளைத் துணி சுற்றிக் கட்டியிருந்தது.

“அடிபட்டுடுச்சா சார்?”

“இல்ல.”

“பின்ன?”

“கோகிலா கட்டிவிட்டா.” அவருடைய மனைவி. “நம்பிக்கையெல்லாம் ஒண்ணும் இல்ல. எதுக்கும் இருக்கட்டும்னு.”

பேசும்போது அந்த விரல் எழுந்து எழுந்து, துணியைப் பார்த்துத் தானே மடங்கிக்கொண்டது.

அக்டோபர் 4

நடப்பதை அப்படியே எழுதிவைக்கிறேன். பின்னாளில் நானே நம்பமாட்டேன்.

அன்சாரி பாய் வீட்டு ஏ.சி. பெட்டியில் புறாக்கள் குடியிருக்கின்றன. நேற்று அவர் கோதண்டபாணி சாரிடம் போய், “சார், கட்ட அவுத்துட்டு ஒரே ஒரு தடவ அதுங்கள காட்டிடுங்க,” என்றிருக்கிறார். சார் கோபத்தில் “இந்தப் புறாவையா?” என்று துணியோடு விரலை நீட்டிவிட்டார். இன்று புறாக்களைக் காணவில்லை. அன்சாரி பாயின் மனைவி நேற்று மதியம் அங்கே பினாயில் ஊற்றியதை என்னிடம் சொன்னார். வேறு யாரிடமும் சொல்லவில்லையாம், கணவருக்குச் சந்தோஷமாக இருக்கிறதே என்று.

இன்று காலை பியூலா அக்கா தன் கணவரையே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். “சார், இந்தத் தொப்பைய மட்டும் காட்டுங்க. தொப்பைய மட்டும். ஆள விட்டுடுங்க.”

“வேணாம்டி, குறி தப்பிடப் போவுது,” என்று அவர் வயிற்றை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

சாயங்காலம் அடுத்த தெருவிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பரோட்டாக் கடைக்காரர் பைக்கில் வந்தார். எதிர்க் கடைப் பரோட்டாக் கல்லைச் சாரை வைத்துக் காட்ட எவ்வளவு ஆகும் என்று வாட்ச்மேனிடம் விசாரித்தார். கோதண்டபாணி சார் மேலிருந்து, “நான் சென்ட்ரல் கவர்மென்ட்ல முப்பத்தி நாலு வருஷம் ஆடிட் பண்ணவன்யா!” என்று கத்தினார். அதைக் கேட்டதும் வந்தவருக்கு மரியாதை இன்னும் கூடிவிட்டது.

இன்னொரு நாற்காலி வாங்கினேன். மழைக்காலத்தில் பைகளைத் தூக்கி வைக்க உதவும்.

அக்டோபர் 8

மாடியில் சங்கக் கூட்டம். தோட்டத்தை எடுக்கச் சொல்லும் தீர்மானம்தான் ஒரே பொருள். எனக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. செடிகள் எப்போது கல்யாணம் என்று கேட்பதில்லை, நான் பகலெல்லாம் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பதைப் பற்றி வருத்தப்படுவதில்லை. இந்த ஊரில் நான் வாய்விட்டுப் பேசுகிற இடம் இது ஒன்றுதான். செடியிடம் பேசுவது பேச்சில் சேருமா என்பது வேறு.

கோதண்டபாணி சார் எழுந்தார். “இந்தத் தோட்டம்...” என்று விரல் கிளம்பியது. எல்லோரும் “சார்!” என்று அலறினார்கள். அவர் விரலை இழுத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு மர ஸ்கேலை எடுத்து நீட்டினார்.

“ஸ்கேல் வழியா போவாதுன்னு என்ன நிச்சயம்?” என்றார் பியூலா அக்கா.

“மரம் கடத்தாது,” என்றார் அன்சாரி பாய். “ஆனா ஈரமா இருந்தா கடத்தும்.”

கால் மணி நேரம் இதே விவாதம். கடைசியில், செயலாளர் எதையும் உள்ளங்கையை விரித்துத்தான் காட்ட வேண்டும் என்று முடிவானது. பாவம், விரித்த உள்ளங்கையால் யாரையும் குற்றம்சாட்ட முடியாது. “இந்தப் பெண் நீர் வீணாக்குகிறாள்” என்று அவர் சொன்னபோது, ஒரு மணப்பெண்ணை மேடைக்கு அழைத்துவருவதுபோல இருந்தது. நான் தெரியாமல் கும்பிட்டுவிட்டேன்.

தீர்மானம் இப்படி நிறைவேறியது: விரல் பட்டு நொந்திருக்கிற கொடியை வெட்டினால் அந்தப் பாவம் கட்டடத்துக்கு வரும். ஆகவே கொடியில் முதலில் ஒரு காய் நிற்க வேண்டும். நின்ற பிறகு தோட்டத்தை எடுத்துவிடலாம்.

ஒரு காய் நிற்காத வரை தோட்டம் இருக்கும்.

தூரிகையை அலமாரியில் உள்ளே தள்ளி வைத்தேன். படம் வரைய இப்போது நேரமில்லை.

அக்டோபர் 11

மழை தொடங்கிவிட்டது. மிளகாய்ப் பைகளில் தண்ணீர் தேங்கியது. அடியில் துளைகளைக் குத்திப் பெரிதாக்கினேன்.

காலையில் பெண் பூவின் அருகே ஒரு தேனீ வந்தது. கையை வீசி விரட்டினேன். கொசு என்று நினைத்துவிட்டேன்.

அக்டோபர் 17

தூறல். கோதண்டபாணி சார் வாளியை வைத்துவிட்டு வழக்கம்போல இறங்கிப் போகவில்லை. இரண்டாவது நாற்காலியில், ஈரம் என்றுகூடப் பார்க்காமல், உட்கார்ந்தார்.

“நிவேதா வந்திருக்கா. தெரியுமில்ல? என் பொண்ணு. ஏழாவது மாசம். இருபத்தாறாம் தேதி வளைகாப்பு.”

“சந்தோஷம் சார்.”

“என்னைய ஹாலுக்கு வராதேன்னு யாரும் சொல்லல. அப்படிச் சொல்ற குடும்பம் இல்ல எங்களோடது.” விரலில் இருந்த துணியை நிமிண்டினார். “டி.வி.ய என் ரூம்ல கொண்டுவந்து மாட்டிட்டாங்க. சாப்பாடும் அங்கயே வருது. நேத்து அவ, ‘அப்பா, வயித்துல புள்ள உதைக்குது பாரு’ன்னு கூப்பிட்டா. எந்திரிச்சேன். கோகிலா குறுக்க வந்து நின்னுக்கிட்டா. வேணும்னு நிக்கல. தானா நின்னுட்டா.”

மழை வெண்டை இலையில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“நீ நிறையப் படிக்கிற பொண்ணு. உண்மையச் சொல்லு. என் விரல்தானா?”

“தெரியல சார்,” என்றேன்.

அக்டோபர் 18

கத்தரிக்காய் ஒரு கிலோ இருக்கும். பறித்தேன். சமைக்கவில்லை.

அக்டோபர் 19

காலையில் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடத்தில் நானாகத் தட்டிய முதல் கதவு. கோகிலா ஆன்ட்டி திறந்தார். சாரை மாடிக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆண் பூ, பெண் பூ, மகரந்தம், தேனீ. அந்தக் கொசுவைப் பற்றியும் சொன்னேன்.

அவர் ஒரு தணிக்கைக் குறிப்பைப் படிப்பதுபோலக் கேட்டார். “இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“கொஞ்ச நாளா.”

“கொஞ்ச நாளுன்னா?”

“போன மாசத்துலேர்ந்து.”

அவர் என்னைக் காட்டத்தான் விரலைத் தூக்கினார். நான், இவ்வளவு படித்த நான், ஒரு அடி நகர்ந்துகொண்டேன். இருவருமே அதைப் பார்த்தோம். அவர் விரலை இறக்கிக்கொண்டார்.

“ஒரு காய் நின்னா தோட்டம் போயிடும். தெரிஞ்சுதான் சொல்றியா?”

“ஆமா சார்.”

“நன்றி வேற, ஒழுக்கு வேற. நான் தீர்மானத்த விடமாட்டேன்.”

“சரி சார்.”

“ஆதாரம் வேணும். வாய்ப்பேச்சு கோகிலாகிட்ட எடுபடாது.”

கொடியில் இரண்டு பெண் மொட்டுகள் நாளை மறுநாள் விரியும் நிலையில் இருந்தன. ஒன்றுக்கு மகரந்தம் தடவுவது, அதை அவர் தினமும் இரண்டு வேளை விரல் நீட்டிக் காட்டுவது. மற்றொன்றுக்கு எதுவும் செய்யாமல், யாரும் காட்டாமல் விடுவது. காட்டியது நின்று, காட்டாதது விழுந்தால் விரல் நிரபராதி. அப்பழுக்கில்லாத சோதனை என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

அக்டோபர் 21

ஐந்தரை மணிக்கே நல்ல மழை. மகரந்தம் நனைந்தால் வீண். கோதண்டபாணி சார் தன் பெரிய கறுப்புக் குடையைப் பூவுக்குப் பிடித்தார். அவர் முழுக்க நனைந்தார். பூ நனையவில்லை. நேற்று மாலையே உறை மாட்டி வைத்திருந்த ஆண் மொட்டைப் பறித்து, இதழ்களைக் கிள்ளி, பெண் பூவின் நடுவில் தடவினேன். இரண்டாவது மொட்டுக்கு மெல்லிய துணிப் பை கட்டினேன்.

“அவ்வளவுதானா?” என்றார்.

“அவ்வளவுதான்.”

“இதுக்கா என் ஹால்ல எனக்கு இடமில்லாம போச்சு?”

பிறகு கட்டை அவிழ்த்தார். விரல் வெளுத்து, சோறு வடித்த தண்ணீரில் ஊறியதுபோல இருந்தது. படிக்கட்டுக் கதவருகே நின்று, அவ்வளவு தூரத்திலிருந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிஞ்சைக் காட்டினார்.

அக்டோபர் 23

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து காட்டுகிறார். இப்போது கண்ணைத் திறந்து.

அக்டோபர் 25

பிஞ்சுக்கு ஓர் அங்குலம் தள்ளி விரல். “ஏதாவது பண்ணு பாப்போம்,” என்று பிஞ்சிடம் சொல்கிறார். அது முட்டை அளவுக்கு வந்துவிட்டது. துணிப் பைக்குள் இருப்பது மஞ்சள் பூத்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டோம்.

தோட்டத்தை நாலு பக்கமும் ஒரு முறை சுற்றிவந்தேன். வெண்டை இன்னும் ஒரு மாதம் காய்க்கும். காய்த்திருக்கும்.

அக்டோபர் 26

விசேஷங்களுக்கு நான் போவதில்லை. இன்று சாட்சியாகப் போனேன்.

கோதண்டபாணி சாரின் ஹால் நிறையப் பெண்கள். சீலிங் ஒழுகும் இடத்துக்குக் கீழே, கோலம் போட்ட வாளி. நடுவில் நிவேதா, கன்னத்தில் சந்தனம். நலங்கு நடந்துகொண்டிருந்தபோது அறைக் கதவு திறந்தது. சார் பட்டு வேட்டியில், கையில் ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்தார். தட்டில் மஞ்சளாகச் சுருங்கிய பிஞ்சு. விரலில் கட்டு இல்லை. கோகிலா ஆன்ட்டி “ஏங்க...” என்று எழுந்தார்.

“எல்லாரும் கேளுங்க,” என்றார். தட்டை உயர்த்திப் பிடித்தார். “இந்தப் பிஞ்ச நான் காட்டவே இல்ல. ஒரு தடவகூட. இது விழுந்துடுச்சு. மேல இன்னொண்ணு இருக்கு. அத தினம் ரெண்டு வேள, இதே விரலால, இதோ இவ்வளவு கிட்டத்துல காட்டினேன். அது நிக்குது! நல்லா கொழுகொழுன்னு நிக்குது! தமயந்தி சாட்சி.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையாட்டினேன்.

பியூலா அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். நிதானமாக, கணக்குப் போடுபவர்போல. “அப்ப நீங்க காட்டுனது வாழுது. காட்டாதது செத்துடுச்சு.”

“ஆமா!” என்றார் சார். ஒரு நொடி கழித்து, “இல்ல, இரு...” என்றார்.

அதற்குள் முடிந்துவிட்டது. நிவேதாவின் மாமியார் தன் நாற்காலியை நகர்த்தி வழி விட்டார். “சம்பந்தி, உங்க விரலுக்கு இப்படி ஒரு ராசியா! எம் மருமகள ஒரு தடவ காட்டிடுங்க.”

“அது விரல் இல்ல, மகரந்தம்...” என்று நான் ஆரம்பித்தேன். யாரோ என் வாயில் ஒரு லட்டைத் திணித்தார்கள்.

நான்கு பூக்கள் வைத்திருக்க வேண்டும். மகரந்தத்தோடு காட்டியது, மகரந்தத்தோடு காட்டாதது, மகரந்தமில்லாமல் காட்டியது, இரண்டும் இல்லாதது. முப்பத்து நான்கு வருடத் தணிக்கையும் இரண்டு அலமாரிப் புத்தகங்களும் சேர்ந்து இரண்டு பூவில் நிறுத்திவிட்டோம்.

சார் என்னைப் பார்த்தார். ஒரு நேர்மையான மனிதர் பொய்யான புகழைத் தட்டிவிடுவதா வேண்டாமா என்று தவிப்பது அந்த முகத்தில் தெரிந்தது. நிவேதாதான் கையை நீட்டினாள். “அப்பா. வளையல் போட்டுவிடு. அப்புறமா உதைக்குதான்னு பாரு.”

அவர் போட்டுவிட்டார். கோகிலா ஆன்ட்டி குறுக்கே வரவில்லை.

லட்டு நன்றாக இருந்தது. இரண்டாவது நானே எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 5

விரலுக்கு மவுசு கூடிவிட்டது. பியூலா அக்கா புதுத் தையல் மெஷினைக் காட்டவைத்தார். அரையாண்டுத் தேர்வுக்கு அன்சாரி பாயின் மகள் கணக்குப் புத்தகத்தைக் காட்டவைத்தாள். பரோட்டாக் கடைக்காரர் மறுபடி வந்தார். இந்த முறை தன் கடைக் கல்லைக் காட்டச் சொல்லி.

பியூலா அக்காவின் கணவர் மட்டும் எதிரே சாரைப் பார்த்தால் ஓடுகிறார். தொப்பை வளர்ந்துவிடுமாம்.

“நான் எத்தன தடவ விளக்கிட்டேன் தமயந்தி,” என்றார் சார். “பணிவுங்கறாங்க.”

வாளி மட்டும் தவறாமல் வருகிறது. பூசணி இளநீர் அளவு. கோகிலா ஆன்ட்டி தன் பழைய நூல் புடவை ஒன்றைத் தந்தார். தூளி கட்டிக் காயை அதில் உட்காரவைத்திருக்கிறோம்.

நவம்பர் 16

காய் நின்றுவிட்டது. ஆகவே கூட்டம். சொன்னபடியே கோதண்டபாணி சார் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். காலையிலேயே என்னிடம், “கோவிச்சுக்காத. ஒழுக்கு ஒழுக்குதான்,” என்று சொல்லியிருந்தார். நான் கத்தரிகளிடம் ஏற்கனவே விடைபெற்றிருந்தேன்.

எழுந்து நின்றார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு, கட்டில்லாத விரல், முழு நீளத்துக்கு, பழைய கம்பீரத்தோடு நீண்டது. “இந்தத் தோட்டத்தை...”

கைதட்டல். பியூலா அக்கா எழுந்து நின்றே தட்டினார்.

“என்ன கைதட்டுறீங்க? எடுக்கணும்னு சொல்றேன்!” விரலை ஒவ்வொரு பையாகக் காட்டினார். “இது! இது! இதோ இந்த மிளகாய்!” ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

“எல்லாத்தையும் காட்டிட்டாரு,” என்றார் அன்சாரி பாய் திருப்தியாக. “எழுதிக்கங்க. செயலாளர் தோட்டத்த ஆசீர்வாதம் பண்ணாரு.”

“நான் சொல்றத யாராவது கேளுங்கய்யா!”

“வாய் என்ன சொன்னா என்ன சார்,” என்றார் பியூலா அக்கா. “விரல் சொல்லிடுச்சே.”

அவர் உட்கார்ந்துவிட்டார். நாற்காலிகள் ஆறு இருக்கின்றன. தள்ளுபடியில் கிடைத்தன.

எல்லோரும் போன பிறகும் அவர் அங்கேயே உட்கார்ந்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இனிமே யாரையும் திட்ட முடியாது இதால,” என்றார்.

நவம்பர் 17

செங்கல் வாங்கினேன். தட்டுகளும்.

பைகள் எல்லாவற்றையும் அவருடைய ஹாலுக்கு மேலிருந்து எடுத்து, படிக்கட்டுப் பக்கத்து ஓரத்துக்கு மாற்றினேன். பூசணிப் பை மட்டும் பந்தலை விட்டு நகராது. அதை அன்சாரி பாய் தூக்கிப் பிடிக்க, அடியில் செங்கலும் பெரிய தட்டும் வைத்தோம். பைகள் இருந்த இடத்தில் தளம் பச்சை பிடித்து விரிசல் விட்டிருந்தது. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்தேன். மழைக்காலத்தில் செய்ய வேண்டிய பொதுவான வேலைகள்தான்.

டிசம்பர் 1

வாளி. பூசணிக்கு ஊற்றினேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. மழை நீர் அப்படித்தான் இருக்கும். நாலு நாளாக மழை இல்லை.

டிசம்பர் 14

மார்கழி நெருங்கிவிட்டது, காலையில் பனி. பூசணிமேல் வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கியிருக்கிறது. முழுக்கப் பூத்தால் பறிக்கலாம். நிவேதாவுக்குக் காசி அல்வா வேண்டுமாம்.

கட்டடத்தில் மோட்டார் பழுது. யார் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் இல்லை. மெக்கானிக் சாயங்காலம்தான் வருவாராம்.

வழக்கமான நேரத்துக்குப் படியில் சத்தம் கேட்டது. கோதண்டபாணி சார் வந்தார், வாளியைத் தன் இடத்தில் வைத்தார், தன் நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டிப் பார்த்தேன். வாளி காய்ந்துகிடந்தது.

நான் வாளியைப் பார்த்தேன். அவர் பூசணியைப் பார்த்தார்.

“ஒழுக்கு நின்னு ரெண்டு வாரம் ஆச்சு,” என்றார் கடைசியில். விரல் மெல்ல எழுந்து பூசணிப் பக்கம் போனது. “தினமும் ஊத்துறியே. அந்தத் தண்ணியில புண்ணாக்கு வாசனை இல்லன்னு உனக்குத் தெரியவே இல்லையா?”

“எனக்குச் சளி சார்,” என்றேன்.